குரல் இறங்கிய பிறகும் கூடுகிற கூட்டம்

கொழுந்து எடை போட்டு முடித்த கையோடு வந்திருக்கும் தோட்டத் தோழர்களே, அருவங்காட்டிலிருந்தும் கேத்தியிலிருந்தும் எடப்பள்ளியிலிருந்தும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டுப் பிரியர்களே!

இது மார்கழி. கீழே சென்னையில் சபாவுக்குச் சபா கச்சேரி. மேலே நம் குன்னூரில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். இந்தக் குளிரில் நான் பேச எடுத்துக்கொண்டது வயதான பாடகர்களின் மேடையைப் பற்றி. சபா வித்வான்களை விட்டுவிடுகிறேன், அவர்களைப் பற்றிப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது சினிமாப் பாட்டுப் பாடகர்களைப் பற்றி. எழுபதைத் தாண்டியவர்கள், எண்பதைத் தொட்டவர்கள். படியேற ஒருவர் கை கொடுக்கிறார். ஸ்டாண்டில் பாட்டு நோட்டு திறந்திருக்கிறது. அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறார். அதற்குள் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. இன்னும் ஒரு வரிகூடப் பாடவில்லை!

எதற்கு இந்தக் கைதட்டல்? எதைக் கேட்க வந்திருக்கிறது இந்தக் கூட்டம்?

அவருடைய முப்பது வயதுக் குரல் நம்மிடம் இருக்கிறதே! இசைத்தட்டில் இருந்தது, கேசட்டில் இருந்தது, இப்போது சட்டைப்பையில் கைப்பேசிக்குள் இருக்கிறது. தொட்டால் பாடும். பிசிறு இல்லாமல், மூச்சு வாங்காமல் பாடும். அதை வீட்டில் வைத்துவிட்டு, டிக்கெட் வாங்கி, வளைந்து வளைந்து மலையிறங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நரைத்த குரலை ஏன் கேட்க வேண்டும்?

பழைய நினைவுக்காக என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நினைவு மட்டும் போதுமென்றால் பதிவே போதும், அதில்தான் அன்றைய குரல் அப்படியே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. ரசிகர் அந்த மேடைக்குப் போவது பாதிப் பாட்டைத் தானும் பாடுவதற்காக. இளமையில் அவர் பாடினார், நாம் கேட்டோம். அந்தக் குரல் முழுசாக இருந்தது, நமக்கு அதில் வேலை இல்லை. இப்போது இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள் நமக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது.

இதைச் சொல்ல முதலில் மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா பாடினார். கடைசி வரிசைக்காரனுக்கும் எட்ட வேண்டுமென்று உச்ச சுருதியில் பாடிய காலம் அது. 1933இல், 27 வயதில், அவர் போய்விட்டார். அந்தக் குரலின் முதுமை எப்படி இருந்திருக்கும் என்று கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிறகு மைக் வந்தது. மைக் வந்ததும் கத்த வேண்டிய அவசியம் போனது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி என்பவர் மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் காதில் சொல்வதுபோலப் பாடி உலகத்தையே வளைத்தார். நம் பக்கம் ஏ.எம். ராஜா வந்தார். பி.பி. ஸ்ரீனிவாஸ் வந்தார். ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு மட்டும் பாடுகிறார் என்று ஒவ்வொருவரையும் நினைக்க வைத்த குரல்கள்.

கவனியுங்கள். கத்திப் பாடுகிறவரிடமிருந்து வயது முதலில் பறிப்பது உச்சத்தை. மெதுவாகப் பாடுகிறவரிடம் பறிப்பதற்கு வயதுக்கு அவ்வளவு சுலபமாக எதுவும் கிடைப்பதில்லை. 2010இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படம் வந்தது. செல்வராகவன் எடுத்த படம், ஜி.வி. பிரகாஷ் குமார் இசை. அதில் பாம்பே ஜெயஸ்ரீயோடு பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடினார். அப்போது அவருக்கு வயது 79. இளமைக் குரலை நடித்துக் காட்டு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பசியில் வாடிய ஒரு கூட்டம் தன் மன்னனிடம் முறையிடும் இடம் அது. வாடிய குரலேதான் அங்கே வேண்டியிருந்தது. அந்த 79 வயதை அப்படியே வாங்கிப் பாட்டில் வைத்தார்கள். முப்பது வயது ஸ்ரீனிவாஸ் வந்து பாடியிருந்தால்கூட அந்தப் பாட்டுக்குக் காணாது என்பது என் கட்சி.

ஆனால் நான் இப்போது சொன்னதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. அது டி.எம். சௌந்தரராஜன்! அவரை மென்குரல் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? வெண்கலத் தொண்டை. மதுரையில் 1922இல் பிறந்தவர். 2010 ஜூனில் நம் மலையடிவாரத்தில், கோவையில், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அந்த மாநாட்டுக்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த பாட்டில் எத்தனை எத்தனை இளம் பாடகர்கள்! அத்தனை பேருக்கும் முன்னால், பாட்டின் வாசலில் நிற்கும் குரல் டி.எம்.எஸ். அப்போது வயது 88. தொனி தளர்ந்திருக்கிறதா? தளர்ந்திருக்கிறது. ஆனால் தமிழ் உச்சரிப்பில் ஒரு எழுத்து நழுவியிருக்கிறதா? இல்லை. வல்லினம் வல்லினமாகவே விழுகிறது. உச்சம் போன பிறகும் உச்சரிப்பு போகவில்லை. 2013 ஏப்ரலில் ஸ்ரீனிவாஸும் மே மாதத்தில் டி.எம்.எஸ்ஸும் அடுத்தடுத்துப் போனார்கள். அந்தக் கோடையில் இந்த மலையில் எத்தனை டீக்கடைகளில் நாள் முழுக்க அவர்கள் பாட்டே ஓடியது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

நம் மலைக்கு வருவோம்.

இந்த அவையில் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தார் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரிகிறது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத்துத் தேயிலையில் பிறந்து வளர்ந்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க இங்கே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. வந்தவர்கள் தகரப்பெட்டியோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். இலங்கை வானொலி கேட்கும் பழக்கம்! அறிவிப்பாளர்கள் மயில்வாகனன் குரலையும் அப்துல் ஹமீது குரலையும் அடையாளம் தெரியாத லைன் வீடு இந்த மலையில் இருந்ததா? பாட்டு வருமுன்பே பாடியவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்லிவிடுவார். அதனால் நம் ஆட்களுக்குப் படத்தைத் தெரியாது, நடிகரைத் தெரியாது, பாடகரைத் தெரியும். முகம் தெரியாமல் குரலோடு மட்டும் பழகியவர்கள் நாம்.

அப்படிப் பழகியவருக்கு ஒருநாள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கண்முன்னால் வந்து நின்றால் எப்படி இருக்கும்? குரல் பழையது, ஆள் புதிது. ‘இவரா பாடினார்?’ என்று ஒரு பாட்டிக்குச் சந்தேகமே வந்துவிடும். பல்லவி முடியும்வரை அந்தச் சந்தேகம் தீராது. அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கேத்திக்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’ உங்கள் ஊர்க் குளிரில், உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் எடுத்த படம். அதில் ஜேசுதாஸ் பாடிய தாலாட்டைக் கண்ணதாசன் எழுதினார். படம் வெளிவருவதற்குள் கண்ணதாசன் இல்லை. நீலகிரி மூடுபனிக்கு ஒரு குரல் கொடுங்கள் என்று தமிழ்நாட்டில் யாரிடம் கேட்டாலும் அந்தக் குரலைத்தான் கொடுப்பார்கள். ஜேசுதாஸ் 1940 ஜனவரி 10இல் பிறந்தவர். பிறந்தநாள்தோறும் கொல்லூர் மூகாம்பிகை சன்னிதியில் பாடுவதைப் பல பத்தாண்டுகளாக வழக்கமாக வைத்திருந்தார். அங்கே டிக்கெட் கிடையாது, மேடை விளக்கு கிடையாது. ஒரு முதியவர் தன் பிறந்தநாளில் கோயிலில் பாடுகிறார், அவ்வளவுதான். அதைக் கேட்கவும் ஜனம் கூடும்.

2019 ஜூன் 2. இளையராஜாவின் பிறந்தநாளை ஒட்டிச் சென்னையில் நடந்த கச்சேரி. ஒரே மேடையில் ஜேசுதாஸும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும். ஒருவருக்கு 79. இன்னொருவருக்கு இரண்டு நாளில் 73. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் எஸ்.பி.பி. தன் ஐம்பதாண்டுப் பாட்டு வாழ்க்கையைக் கொண்டாட உலகம் சுற்றிக்கொண்டிருந்தபோது, பாட்டுக்கு உரிமை யாருக்கு என்று ராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிருந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். சட்டப்படி யார் பக்கம் சரி என்பதற்குள் நான் போகவில்லை. ரசிகனுக்கு அன்று ஒரே கவலை, ராஜாவையும் பாலுவையும் மறுபடி ஒன்றாகப் பார்ப்போமா என்பது. பார்த்தோம். அடுத்த வருடம் செப்டம்பர் 25இல் பாலு போய்விட்டார். அந்த மேடையைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

பாலு மேடையில் என்ன செய்வார்? பதிவில் இருக்கும் சங்கதியை அப்படியே திருப்பிப் பாடமாட்டார். நடுவில் ஒரு சிரிப்பு வைப்பார். ஒரு வார்த்தையைக் கொஞ்சம் இழுத்து, தாளத்துக்குப் பின்னால் தங்கி, கடைசி நொடியில் வந்து சேர்வார். மேட்டுப்பாளையம் ரோட்டில் பழகின டிரைவர் வளைவு கண்ணில் படுமுன்பே கியரை இறக்கிவிடுவாரே, அப்படி வயதான பாடகர் உச்ச வரி வருவதற்கு இரண்டு வரி முன்பே மூச்சைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிடுவார். எங்கே நிறுத்தலாம், எங்கே வாத்தியத்திடம் விட்டுவிடலாம், எங்கே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பலாம் என்பதெல்லாம் கணக்கு. மைக்கை நம் பக்கம் நீட்டுவதை மரியாதை என்று நாம் நினைக்கிறோம். மரியாதைதான். அதோடு அவருக்கு அது ஒரு மூச்சு!

இதில் நம் மலை செய்யும் கொடுமையையும் சொல்ல வேண்டும். வயதாகும்போது குரல் நாண்கள் மெலிகின்றன, குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது, நுரையீரலில் காற்று பிடிக்கும் அளவு குறைகிறது. இது எந்த ஊரிலும் நடப்பது. அப்படிப்பட்டவரைச் சென்னை வெயிலிலிருந்து உதகைக்குக் கூட்டிவருகிறோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். ஒரே மூச்சில் பாடிய வரி இங்கே இரண்டு மூச்சு கேட்கும். போதாததற்குக் குளிர். குளிரில் புல்லாங்குழலின் சுருதி இறங்கும், கிதார் கம்பி இறுகிச் சுருதி ஏறும், பனி ஈரத்தில் தபலாத் தோல் தளரும். ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று தொளதொள! நடுவில் நின்று பெரியவர் சுருதி பிடிக்க வேண்டும். அவர் ஒரு கட்டை இறக்கிப் பாடினால் ‘முன்ன மாதிரி இல்லப்பா’ என்று பின்வரிசையில் மப்ளருக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். அந்த மப்ளர்க்காரரை எழுந்து நாலு படி வேகமாக ஏறிவிட்டு ஒரு சரணம் பாடச் சொன்னால் தெரியும்.

சரி, வெளியூர்ப் பெரிய பாடகர்களை மட்டும் பேசினால் போதுமா? போதாது. இந்த மலைக்கென்று பாடகர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். எஸ்டேட் மாரியம்மன் திருவிழா மேடைக்கு டி.எம்.எஸ். வந்தாரா? நம் ஆர்கெஸ்ட்ராவின் டி.எம்.எஸ். வந்தார்! ஒவ்வொரு மெல்லிசைக் குழுவுக்கும் ஒரு டி.எம்.எஸ். உண்டு, ஒரு எஸ்.பி.பி. உண்டு, ஒரு சுசீலா அம்மா உண்டு. பகலில் தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷின் பக்கத்தில் நின்றவர், ராத்திரி ஜிகினா சட்டை போட்டுக்கொண்டு டி.எம்.எஸ். ஆனார். லைன் குழந்தைகள் அவரை அந்தப் பேரிலேயே கூப்பிட்டார்கள், சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அவருக்கும் வயதாகிறது. அவருக்கும் குரல் இறங்குகிறது. இதில் விசித்திரம் என்ன தெரியுமா? உண்மையான டி.எம்.எஸ்ஸுக்கு எண்பதில் குரல் எப்படி ஆனதோ, அதேபோல இவருக்கும் ஆகிறது. இளமையில் சாயல் பிடிக்கப் பாடுபட்டார், முதுமையில் சாயல் தானாக வந்து உட்கார்கிறது.

இந்தச் சிலிர்ப்பு தமிழனுக்கு மட்டும் உரியதா? இல்லை. 1936இல் நம் சென்னையில் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான், பேர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி. இங்கிலாந்து போய், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்று பேர் மாற்றிக்கொண்டு, 1967இல் ஒரே பாட்டால் பீட்டில்ஸ் குழுவை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தார். நம் ஊர் கிளப்புகளிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் அவர் இசைத்தட்டு தேயத் தேய ஓடியது. 76 வயதில், 2012இல், பிரிட்டன் சார்பில் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் போய் நின்றார். 26 பேரில் 25ஆவதாக வந்தார். கேலி செய்தார்கள். அவர் அதோடு மேடையை விட்டாரா? எண்பதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார், கூட்டமும் வந்தது. போட்டிக்கு மார்க் போடுகிறவன் வேறு, ரசிகன் வேறு.

இன்னொருவர், டோனி பென்னட். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 2021 ஆகஸ்ட் 3, அவருடைய 95ஆவது பிறந்தநாள். அன்று ரேடியோ சிட்டி அரங்கில் பாடினார். அவருக்கு ஞாபகம் அழிக்கும் அல்சைமர் நோய். கூடப் பாடவந்த லேடி காகாவோ அவருக்கு மகள் வயதுகூட இல்லை, பேத்தி வயது. வெகுநாளாக அவர் வாயில் அந்தப் பெண்ணின் பேர் வரவில்லை. மேடையில் அவளைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண் கண்ணீரை அடக்கிக்கொண்டு பாடினார். அன்றாடம் நழுவிப்போன மனிதருக்குப் பாட்டு மட்டும் வரிவரியாக வந்தது. அந்த அரங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவருக்கு நோய் என்று தெரிந்தே வந்தவர்கள். ஒரு வரி நின்றால் தாங்கிப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தவர்கள். இதைத்தான் நான் பாதிப் பாட்டு என்கிறேன்.

ஆனால் தோழர்களே, இதை வெறும் உருக்கமாக்கி விடக்கூடாது. ஏ.எம். ராஜாவை நினைத்துப் பாருங்கள். 1989 ஏப்ரல் 8. வயது 59. குமரி மாவட்டத்தில் ஒரு கோயில் கச்சேரிக்காகக் குழுவோடு ரயிலில் போகிறார். வள்ளியூர் ரயில் நிலையத்தில் தவறி விழுந்து இறந்தார். தமிழ் சினிமாவின் ஆக மென்மையான குரல், திருவிழா மேடைக்குப் போகும் வழியில் போயிற்று. மூத்த பாடகர்களுக்கு மேடை என்பது கைதட்டல் மட்டும் இல்லை, பலருக்கு அது பிழைப்பும்கூட. சினிமா கைவிட்ட பிறகு அவர்களைத் தாங்கியது கோயில் திருவிழாவும் கல்யாண வரவேற்பும்தான். ஆகவே அந்த மேடையை நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுப்பு வேண்டும்.

என்ன பொறுப்பு? ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிப் பனியில் ஒரு மணிவரை எழுபத்தைந்து வயதுக்காரரை நிற்க வைக்காதீர்கள். மலையில் கச்சேரி சாயங்காலமே தொடங்கட்டும். பொன்னாடை போர்த்துவதற்கு முக்கால் மணி நேரம், பிரமுகர் பேச்சுக்கு ஒரு மணி நேரம், அதன் பிறகு அவர் நடுங்கும் தொண்டையோடு பாட வேண்டுமா? பொன்னாடைக்குப் பதில் ஒரு கம்பளி கொடுங்கள், வெந்நீர் கொடுங்கள். இன்னொன்று. சில மேடைகளில் பின்னால் டிராக் ஓடுகிறது, பெரியவர் வாயசைக்கிறார். இது எனக்கு ஆகாது. இது கேட்க வந்தவனையும் ஏமாற்றுகிறது, பாட வந்தவரையும் அவமதிக்கிறது. உடைந்த குரலைக் கேட்கத் தயாராகத்தானே வந்திருக்கிறோம்? அதை ஏன் மறைக்க வேண்டும்?

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. நேயர் விருப்பம் என்று துண்டுச் சீட்டு எழுதி அனுப்புகிறோம். எதை எழுதுகிறோம்? அவர் இருபத்தெட்டு வயதில் வானத்தைத் தொட்ட பாட்டையே எழுதுகிறோம்! ஏன், அவர் தணிந்து பாடிய பாட்டுகள் இல்லையா? தாலாட்டு இல்லையா? முருகன் பாட்டு இல்லையா? அவற்றில் வயது குறையாகத் தெரியாது. சில பாட்டுகளுக்கு அப்போதுதான் வயது வருகிறது. பிரிவைப் பற்றி இருபத்தைந்து வயதில் பாடியதை எழுபத்தைந்தில் பாடும்போது, அந்த வார்த்தைகள் அவருக்கு நடந்து முடிந்த சங்கதிகள்.

என் பேச்சு இவ்வளவுதான். இந்த மேடைக்கு அடுத்து வரப்போகிறவர்கள் நம் மலையின் பழைய ஆர்கெஸ்ட்ரா பாடகர்கள். நான் சொன்ன டி.எம்.எஸ். வருகிறார், சுசீலா அம்மா வருகிறார். தபலாவைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். எல்லாப் பாட்டையும் ஒன்றரைக் கட்டை இறக்கி வைத்திருப்பதாக வாத்தியக்காரர்கள் சொல்கிறார்கள், உங்கள் தொண்டைக்கும் அது ஒத்துவரும். சீட்டு எழுதுகிறவர்கள் எழுதலாம், இடது பக்கம் நிற்கும் தம்பியிடம் கொடுங்கள். உச்சத்தில் தொடங்கும் பாட்டு மட்டும் வேண்டாம்.